ஆறு மணி ஆபீசரின் கட்டம்

மார்ச் 4

டாக்டர் இன்று பெயர் சொல்லிவிட்டார். விழித்திரை நோய். கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் அந்தச் சவ்வு ஓரத்திலிருந்து பழுதாகிக்கொண்டே வருகிறதாம். முதலில் இருட்டில் தெரியாது, பிறகு பக்கவாட்டில். நடுப்பார்வை கடைசிவரை தாக்குப்பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். "இப்போதைக்கு நிறுத்த வழியில்லை" என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னதற்கு அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு கும்பிடு.

"வீட்ல வேற யாருக்காவது இருக்கா? பல பேருக்குக் குடும்பத்துல வர்றதுதான் இது." யாருக்கும் இல்லை என்று தலையாட்டினேன். குடும்ப மரம் வரைந்த ஒரு தாள் கொடுத்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் மை பூச வேண்டும். விசாரித்து நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார்.

முப்பத்தாறு வயது. கட்டடங்களுக்குக் குழாய் வரைபடம் போடும் வேலை. அழுவேன் என்று நினைத்தேன். பசித்தது. இரண்டு பன் சாப்பிட்டேன்.

மார்ச் 5

அலுவலகத்தில் பெரிய மேசை விளக்கு கேட்டேன். ஏன் என்றார் மேலாளர். வேண்டும் என்றேன்.

மார்ச் 9

சுவரில் ஈரம் தெரிந்தால் நான் அந்த இடத்தை நோண்டச் சொல்வதில்லை. குழாய் எங்கிருந்து வருகிறது என்று மேலே மேலே போவேன். இன்று அந்தத் தாளை வைத்துக்கொண்டு அப்படித்தான் உட்கார்ந்தேன்.

அப்பா. ஆறு மணிக்கு மேல் ஒருநாளும் வெளியே இருந்ததில்லை. அவருடைய அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயரே 'ஆறு மணி ஆபீசர்'. ஒழுக்கம் என்றோம். எங்கள் வீட்டில் நாற்காலி ஓர் அங்குலம் நகராது. நடைவழியில் பள்ளிப் பையை வைத்ததற்கு அண்ணனும் நானும் வாங்கிய அடி கொஞ்சமா? அதுவும் ஒழுக்கம். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, பகலில் நடக்கும் விசேஷத்துக்கு மட்டும்தான் வருவார். தலைக்கனம் என்றோம்.

ஒரு மனிதருக்குக் கண் தெரியாததைச் சுற்றி ஒரு வீடே நடந்து பழகியிருக்கிறது. ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

மார்ச் 10

டாக்டருக்குப் போன் செய்தேன். அப்பாவுக்கு இருப்பது அதேதான் என்றால், அண்ணனுக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டாம்.

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். மாலை வகுப்புப் பிள்ளைகளை இருட்டும் நேரத்தில் வீடு சேர்ப்பவன். போன மாதம் இரண்டு முறை கேட் தூணில் உரசினான். தூணைத் திட்டினான்.

மார்ச் 12

அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கண் எப்படி என்று வீட்டில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதாம்.

"அவன் பொழப்புல மண்ணைப் போடாதே" என்றாள் அம்மா.

"உனக்கு வந்தா எல்லாருக்கும் வரணுமா? எனக்குக் கண்ணு கழுகு மாதிரி" என்றான் அண்ணன்.

"கழுகு எதுக்குத் தூணை இடிச்சுது?"

சாப்பாட்டை விட்டு எழுந்து போனான். அப்பா தண்ணீர் டம்ளரைக் கையால் துழாவி எடுத்தார். அதையும் பார்த்தேன்.

விட மாட்டேன். கண்ணு போகுது, போகட்டும். வாயும் சேர்ந்து போகணுமா? அவனுக்கு இல்லாமலும் இருக்கலாம். இல்லைன்னா ஜம்முன்னு ஓட்டட்டுமே. டாக்டர்கிட்ட பார்த்துட்டு ஓட்டுன்னுதானே சொல்றேன் — அதுவா குத்தம்?

மார்ச் 13

என் வட்டத்துக்கு மை பூசினேன், ஓரம் பிசகாமல். தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். பக்கத்தில் பேனா.

மார்ச் 14

அம்மா தாளை அலமாரிக்குள் ஒளித்துவிட்டாள். திரும்ப வைத்தேன்.

மார்ச் 15

மறுபடி ஒளித்தாள். மறுபடி வைத்தேன்.

மார்ச் 17

காலையில் அண்ணன் வேன் சாவியை எடுக்க வந்தான். "உட்காருடா" என்றார் அப்பா. தாளை மூக்கருகே கொண்டுபோய், தன் கட்டத்தைத் தேடிப் பிடித்து, தானே மை பூசினார். கோட்டைத் தாண்டிப் போனது. அப்புறம் அத்தையின் வட்டம்.

"இருபத்தஞ்சு வயசுலயே எனக்குத் தெரியும். சொன்னா வேலை போயிடும்னு பயந்தேன். அப்புறம் மறைக்கிறதே பழகிப்போச்சு. பை தடுக்கி நான் விழுந்தேன், அடி நீங்க வாங்கினீங்க." அண்ணன் பக்கம் திரும்பினார். "பசங்களை ஏத்திக்கிட்டு என்னை மாதிரி நடிக்காதே."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

எனக்குக் கோபம்தான் வந்தது. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா என்று கேட்டேவிட்டேன். "சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 18

அண்ணன் வேனுக்கு வேறு ஆள் வைத்துவிட்டான். கண் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறான்.

மார்ச் 26

அண்ணனுக்கும் இருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் வேன் சாவியை என் கையில் வைத்தான். "ஒளிச்சு வை. நான் கேட்டாலும் தராதே." பத்தடி நடந்த பிறகு, "கழுகுன்னு சொன்னதை யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றான். கண்டிப்பாகச் சொல்வேன் என்றேன். நடுத்தெருவில் நின்று சிரித்தோம். அவன் கொஞ்சம் அழுதான்.

ஏப்ரல் 9

வெள்ளைக்கோல் வாங்கிவிட்டேன். மடக்கினால் கைப்பைக்குள் அடங்குகிறது. மடக்காமல் எல்லோரும் பார்க்க அலுவலகத்துக்குள் நுழைந்தேன். "அப்ப வேலை?" என்று இழுத்தார் மேலாளர். "பின்ன, விளக்கு எதுக்குக் கேட்டேன்னு நினைச்சீங்க?"

ஏப்ரல் 12

மாலை 6.40. எழுத நேரமில்லை. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். என் கோலைத் தரையில் தட்டித் தட்டிப் பார்க்கிறார். எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்கிறார்.