டிஸ்பென்சரிக்குத் திறக்காத வழி

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிப் போடுமுன் இன்று காலை திறந்து பார்த்தேன். ஃபேன் முழுக்கப் பஞ்சு அடைத்துக் கிடந்தது. உங்கள் மில்லிலிருந்து வந்ததென்று உடனே தெரிந்துவிட்டது. தும்மிக்கொண்டே அழுதேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நீங்கள் கிணத்துக்கடவு மில்லில், நான் கோயமுத்தூர் ஹெட் ஆபீசில். இரண்டு இடத்து நெட்வொர்க்கையும் வி.பி.என். வைத்து இணைக்கச் சொன்னார்கள். வாசல் காவல் மாதிரி ஆளுக்கொரு ஃபயர்வால். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எந்தக் கம்ப்யூட்டருக்குப் போகலாம் என்ற விதிகளை ஃபோனில் படித்துக் காட்டிச் சேர்ந்தே எழுதினோம். இரண்டு பக்கமும் திறந்தால்தான் எதுவும் கடந்து போகும்.

"மொதல்ல எல்லாத்தையும் அடைச்சுப்போடுங்க அம்மணி. அப்பறம் வேணுங்கறதை மட்டும் தொறந்துக்கலாம்" என்பீர்கள்.

கணக்குக்கும் ஸ்டாக்குக்கும் திறந்தோம். மில் ஸ்டாக் முதல்முறை என் திரையில் வந்தபோது, சந்தோஷத்தில் ஃபோனை வைக்காமலே டீ சொல்லப் போய்விட்டீர்கள். நான் ரிசீவரைப் பிடித்தபடி மில் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் மேனேஜர் மில் டிஸ்பென்சரியின் கம்ப்யூட்டரையும் ஹெட் ஆபீசுக்குத் திறக்கச் சொன்னார். ஹாஸ்டலில் தங்கி வேலை செய்த பெண்கள் டாக்டரிடம் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. யாருக்கு உடம்பு முடியவில்லை என்று பார்த்து வேலையைவிட்டு ஊருக்கு அனுப்பிவிடத்தான் கேட்கிறார் என்பது நம் இருவருக்கும் தெரியும். நம் ஊர்ப்பக்கம் முடியாதென்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். 'பார்க்கலாமுங்க' என்று இழுப்பார்கள். நானும் இழுத்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அப்போது நான் ஃபோனில் இருந்தேன்.

"அது வேண்டாமுங்க. அந்தப் புள்ளைங்க டாக்டர்கிட்டச் சொன்னதுங்க. நம்மகிட்டச் சொல்லலீங்க."

மேனேஜரும் மரியாதை குறையாமல்தான் பேசினார். "அப்படீங்களா? செரி, நாளையிலிருந்து நீங்க சிரமப்பட வேண்டாமுங்க."

உங்கள் வீட்டில் அப்போது கைக்குழந்தை.

அடுத்து என்னிடம் வந்தார்கள். "எம்பக்கமும் தொறக்க முடியாதுங்க" என்றேன். என்னையும் அனுப்பிவிட்டால் கணக்கு நின்றுபோகும் என்று விட்டுவிட்டார்கள். அந்த வழி கடைசிவரை திறக்கவில்லை. அந்தப் பெண்களுக்கு இது எதுவும் தெரியாது. ஈரோட்டில் வேறு வேலை கிடைப்பதற்குள் நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். போன மாதம் நீங்கள் இறந்த துக்கத்துக்கு வந்தேன். அங்கேயும் இதை ஒருவரும் பேசவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

இன்றும் யாராவது "எல்லாத்தையும் தொறந்து உட்டுருங்க மேடம்" என்கிறார்கள். வேண்டாமுங்க என்கிறேன். சொல்லும்போது குரல் நடுங்குகிறது. அன்று உங்கள் குரலும் நடுங்கியது, அண்ணா. அந்த அறையில் இருந்தவர்களுக்குக் கேட்டதோ என்னவோ, ஃபோனில் எனக்குக் கேட்டது. நடுங்கிக்கொண்டேகூடச் சொல்லிவிடலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.