ரோட்டைப் பார்த்து நின்ற காற்றாடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, எனக்கு உடம்பில் வலி இல்லை, மானத்தில்தான்.

தோட்டத்தில் சின்னதாக ஒரு காற்றாடி வைத்திருக்கிறேன் என்று போனில் சொன்னேன் அல்லவா, அது சுற்றினால் கிணற்று மோட்டார் ஓடும், நின்றால் மோட்டாரும் நிற்கும், அவ்வளவுதான் சங்கதி. இனி டீசலுக்கு அலைய வேண்டாம் என்ற தெம்பில் பழைய இன்ஜினை உன் மாமாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஒரு மாசம் பார்த்துட்டுக் குடுங்களேன் என்று அம்மா சொன்னாள், நான் கேட்டால்தானே. இன்ஜினை வண்டியில் ஏற்றும்போதே உன் மாமா, ஏன் மச்சான், காத்து வரலேன்னா நீங்களே ஊதிக்குவீங்களா என்று கேட்டுவிட்டுப் போனான். அது எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அவன் ரோட்டில் போகும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று பார்த்தால், இந்தக் காற்றாடி ஓரிடத்தில் நிற்காமல் நாலு பக்கமும் திரும்பி, சரியாக அவன் வரும் நேரத்துக்கு முதுகைக் காட்டுகிறது. அதை மாட்டிவிட்ட மெக்கானிக் கொடுத்த புத்தகத்தில் நான் படம் மட்டும்தான் பார்த்திருந்தேன். ஏணி வைத்து ஏறி, அதன் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டு வாலில் கயிறு போட்டு, ரோட்டைப் பார்க்கிற மாதிரி இழுத்துக் கொட்டகைத் தூணில் கட்டினேன். இரண்டு நாள் ராஜா மாதிரி சுற்றியது.

மூன்றாம் நாள் நின்றுவிட்டது. காற்று என்னவோ என் தோள் துண்டைப் பறிக்கிற மாதிரி அடிக்கிறது, இது அசைவேனா என்கிறது. தக்காளி பூவெடுத்த நேரம், நாலே நாளில் செடியெல்லாம் தலை தொங்கிவிட்டது. வருஷத்துக்கு நமக்கு அந்த ஒரு வெள்ளாமைதானே. அம்மா அந்த முழங்காலோடு குடம் குடமாகச் சுமந்து இரண்டு வரிசையைக் காப்பாற்றினாள். அதைப் பார்க்க முடியாமல் மாமா வீட்டுக்குப் போய் இன்ஜினை இரவல் கேட்டேன். கேலி பண்ணாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவனும் கூடவே வந்தான், சிரித்திருந்தால்கூடத் தேவலை.

வந்து பார்த்தால் வாய்க்கால் நிறையத் தண்ணீர். காற்றாடி ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேய் மாதிரி சுற்றுகிறது, அம்மா மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருக்கிறாள். கன்றுக்குட்டியின் கயிறு அறுந்துவிட்டதாம், அவசரத்துக்குத் தூணில் இருந்த கயிற்றை அறுத்துக் கட்டினாளாம், வால் விடுபட்டதும் காற்றாடி தானாகத் திரும்பிக்கொண்டதாம். காத்து வர்ற பக்கம் திரும்பத்தானே அதுக்கு வாலு, அதைக் கட்டிப்போட்ட புத்திசாலி யாரு என்று கேட்டாள். நான் கன்றுக்குட்டியைப் பார்த்தேன். உன் மாமா வண்டியிலிருந்து இறங்காமலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

முக்கால்வாசிச் செடி நிமிர்ந்துவிட்டது, கவலைப்படாதே. மாமாவும் ஒரு காற்றாடி வைக்கப் போகிறானாம், வந்து இடம் பார்த்துச் சொல்லு என்று கூப்பிட்டான், என்னை இல்லை, அவன் அக்காவை. நாளைக்குப் போகிறோம், ஏணி தூக்க நான். முழங்காலை டாக்டரிடம் காட்டும்படி நீ அவளுக்கு மறக்காமல் போன் பண்ணிச் சொல்லு, என் பேச்சு இப்போதைக்கு இந்த வீட்டில் எடுபடாது. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ஏணிக்காரன்,
உன் அப்பா