இரண்டு இருபதுக்கு ஒரு சங்கு

டிசம்பர் 11, 2024 – புதன்

தளவாய்புரத்தில் நாள் முழுக்க நைட்டி தைத்துவிட்டு வந்து இறங்கினால், ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒரு நோட்டீஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி இசை நிகழ்ச்சி, திறந்தவெளி, அனுமதி இலவசம். வீணை கிடையாது, மிருதங்கம் கிடையாது. இரண்டு ஊர்களின் சத்தமே பாட்டாம். பஸ் ஹாரன், ரயில், கோயில் மணி, மில் சங்கு. இதை நடத்துகிறவர் போன தடவை தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல் ஊதலை வைத்து நடத்தினாராம். இந்தத் தடவை நம் தலையில் விடிந்திருக்கிறது. தையல் மெஷின் இரைச்சலில் செத்த காதுக்கு இது வேறு கேடா என்று நகர்ந்தேன். அப்போதுதான் கடைசி வரியைப் பார்த்தேன்.

'ஒரே நாளின் ஒலிகள் – 9.1.2024, விடியல் முதல் இரவு வரை.'

அந்தத் தேதி. வீட்டுக்குப் போகிற பஸ் கிளம்பிப் போனதுகூடத் தெரியவில்லை.

டிசம்பர் 12

அன்று பகல் இரண்டு இருபதுக்கு மில் பஞ்சு குடோனில் தீ. வாசல் பக்கம் நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சமுத்திரம் பின்னால், பஞ்சுப் பேல் மூட்டைகளுக்கு நடுவில். மில் எழுதிக்கொடுத்த காகிதத்தில் இருக்கிறது: 'அபாயச் சங்கு ஊதப்பட்டது. தொழிலாளி உறக்கத்தில் இருந்ததால் வெளியேறவில்லை.'

உறக்கமாம்! பூனை நடந்தால் எழுந்து உட்காருகிற மனிதர்.

ஷிப்டுக்கு ஒரே நீளமாக ஒரு சங்கு. தீ என்றால் விட்டு விட்டு மூன்று. மில்லுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அன்று வீட்டில்தான் இருந்தேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெண்டாட்டி சொல்வதை யார் எடுத்துக்கொள்வார்கள்? மதுரையில் விசாரணை நடக்கிறது. எனக்கு அந்த ஒரு வரியை அடிக்க வேண்டும். மனுசன் தூங்கிச் செத்தான் என்று இருக்கக் கூடாது.

டைம் ஆபீஸில் சங்கு சுவிட்ச் போடுகிற ஆள் பால்பாண்டி. என் கூடப் பிறந்தவன். 'ஊதினேன்' என்று கையெழுத்துப் போட்டவனும் அவன்தான். அவனை எந்த உறவுமுறை சொல்லியும் இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று அப்போதே முடிவு. சங்குக்காரன். அவனுக்கு அது போதும்.

டிசம்பர் 15 – ஞாயிறு

சத்தக்காரரை லாட்ஜில் போய்ப் பார்த்தேன். ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். சென்னைக்காரர், நாற்பது வயதிருக்கும். மில்லுக்கு எதிரே இந்த லாட்ஜ் மாடியில் மைக்கை வைத்துவிட்டு, அன்று பூராவும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தாராம்.

"ரெண்டு இருவதுக்குச் சங்கு இருக்கா சார்?"

தேடிப் பார்த்து என் காதில் மாட்டிவிட்டார். ஐஸ் வண்டி மணி. ஒரு சேவல். எங்கேயோ ரிவர்ஸ் எடுக்கிற லாரி. சங்கு இல்லை! கொஞ்சம் கழித்து ஜனங்களின் கூச்சல் – அதற்கு மேல் முடியவில்லை, கழற்றிவிட்டேன்.

"ஏன் மேடம், சங்கு வேணுமா?"

மேசையில் கிடந்த நோட்டீஸில் உதவியவர்கள் பட்டியல். முதல் பெயர் மில். உண்மையைச் சொன்னால் அங்கே போய்விடும். "சும்மாதான் சார். மில் சங்குன்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றேன்.

அந்தப் பதிவுக்கு நகல் கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்பார். மேடையில் ஊரே கேட்கட்டும்.

ஜனவரி 4, 2025

நாளைக்கு. பக்கத்து வீட்டுச் சந்தனம் அக்காவிலிருந்து தெருவில் எல்லாரையும் கூப்பிட்டாயிற்று. "காதத் தீட்டிட்டு வாங்க" என்றேன்.

ஜனவரி 5 – ஞாயிறு

நான் ஒரு மடச்சி. மடச்சி. மடச்சி.

மைதானம் நிறையக் கூட்டம். மப்ளரும் சுண்டலுமாக. மில் ஆட்களைத் தனி பஸ்ஸில் இறக்கியிருந்தார்கள். சங்குக்காரனும் மூன்றாவது வரிசையில். திரையில் நேரம் ஓடியது. காலை நாலரைக்குத் திருப்பாவை, ஏழுக்குப் பால்காரர் ஹாரன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். பகல் 2.18. 2.19. சந்தனம் அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் வண்டி மணி. சேவல்.

2.20. சங்கு ஊதியது.

நீளமாக, மைதானமே அதிர ஊதியது. பாதிப் பேர் பழக்கதோஷத்தில் வாட்சைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், பிறகு கைதட்டல். "ஏட்டி, ஊதிருக்கே!" என்றாள் அக்கா. அவள் கை என் கையிலிருந்து மெல்லக் கழன்றது.

முடிந்ததும் மேடைக்கு ஓடினேன். "அது எப்படி சார் வந்தது?"

சத்தக்காரருக்கு ஒரே சந்தோஷம். "மத்தியானம் கொஞ்சம் வெறிச்சுன்னு இருந்தது மேடம். காலைச் சங்கை எடுத்து அங்க வெச்சேன். உங்களுக்குப் பிடிக்கும்னு சொன்னீங்களே!"

எனக்காக. எனக்காக வைத்தாராம்.

ஜனவரி 6

சத்தக்காரரிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லி அசல் பதிவைக் கேட்டேன். "கேஸா? என்னை விட்டுடுங்க மேடம். நான் ஆர்ட்டிஸ்ட்." அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஜனவரி 23

என் வக்கீலம்மா கூப்பிட்டார். நிகழ்ச்சி வீடியோவையே மில் தரப்பு சாட்சியமாகக் காட்டப்போகிறதாம். அது அன்றைய சங்குதான் என்று சொல்லச் சங்குக்காரன் வருகிறானாம்.

எதற்கு எழுதுகிறேன் இதையெல்லாம்?

பிப்ரவரி 18 – செவ்வாய்

மதுரை. மில் வக்கீல் லேப்டாப்பில் போட்டார். அந்தச் சங்கு, அந்தக் கைதட்டல், மறுபடியும். "இது அன்னைக்கு நீங்க ஊதினதுதானே?"

சங்குக்காரன் என்னைப் பார்க்கவில்லை. விசாரணை அதிகாரியைப் பார்த்துச் சொன்னான்:

"ஐயா, இது ஷிப்டு சங்கு. ஒத்தை. தீன்னா விட்டு விட்டு மூணு ஊதணும், எங்க ஊருல பச்சப்புள்ளைக்கும் தெரியும். இத யாரோ ஒட்ட வச்சிருக்காவ. அன்னைக்கு நான் ஒண்ணுகூட ஊதல. வெளிநாட்டு பார்ட்டி வந்திருக்காவ, சின்னத் தீதான், ஊதிராதேன்னு மேனேஜர் சொன்னாவ. சுவிட்சுல இருந்து கைய எடுத்துட்டேன்."

வக்கீல் லேப்டாப்பை மூடினார். மூன்று! எனக்குத் தெரியாததா? அன்று மைதானத்தில் அழுத அழுகையில் எண்ணத் தோன்றவில்லையே.

படிக்கட்டில் மறித்துக் கேட்டேன். "ஒரு வருசமா வாயில என்னத்த வச்சிருந்த?"

"வேலை போயிரும்னு பயம், ஜோதி. அன்னைக்கு மைதானத்துல கை தட்டுனாவ பாரு. நான் ஊதாத சங்குக்குல்லா தட்டுதாவ. அதுக்குப் பொறவு சோறு எறங்கல."

அறையலாம் போல இருந்தது. அறைந்துவிட்டேன். வாங்கிக்கொண்டான்.

ஏப்ரல் 3 – வியாழன்

நேற்று உத்தரவு வந்தது. 'அபாயச் சங்கு ஊதப்படவில்லை. தொழிலாளி உறக்கத்தில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை.' நாலு தடவை வாசித்தேன். மேனேஜர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. கடமை தவறியவர் என்று ஒரே பெயர், பால்பாண்டி. மில்லில் அவனை முன்பே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

இன்று காலையில் அந்த உத்தரவைப் பார்க்க வந்தான். வாசலிலேயே நின்றான். மன்னிக்கவில்லை, அதை எழுதி வைத்துக்கொள்கிறேன். உள்ளே வரச் சொல்லிக் காபி போட்டேன். எட்டு மணிச் சங்கு ஊதியது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"ரெண்டு நிமிசம் பிந்தி ஊதுதான்" என்றார் அண்ணன்.