பிளக்காமல் அனுப்பச் சொன்னீர்கள்

இன்று காலை இரத்தப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆய்வுகூட வாசலில், அறுத்தெடுத்த உறுப்புகளைப் பதப்படுத்தும் போமலின் மணம் மூக்கில் ஏறியது. நோயியல் நிபுணராக நீங்கள் அந்த அறையில் இருந்த காலம் நினைவுக்கு வந்தது. ஊசி குத்தக் கை கொடுக்காமலே வீடு திரும்பிவிட்டேன்.

சண்டைக் காலத்தில் இந்தத் துறைமுகப் பட்டினத்துக்கு விரும்பி வந்தவர் நீங்கள். நானோ சத்திரசிகிச்சை நிபுணன் என்ற தலைக்கனத்தோடு திரிந்தவன். மலக்குடல் புற்றுநோயை அறுத்தெடுத்ததும், குடலைப் பிளந்து கட்டியை நோயாளியின் சொந்தக்காரருக்குக் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு அனுப்புவேன். பிளக்காமல் அனுப்பும்படி பலமுறை கேட்டீர்கள். ஒரேயொருமுறை அப்படி அனுப்பினேன்.

வெட்டிய விளிம்பு தெரியும்படி அதன் வெளிப்புறம் முழுக்க மை பூசி, குறுக்கே துண்டுகளாக்கி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். குடலைச் சுற்றிய கொழுப்புறை ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அந்த இடத்தில் நோய் உடம்பில் மிஞ்சியிருக்கலாம்.

"இதிலை நீங்கள் உள்ளுக்குப் போயிட்டியள், டொக்டர். அடுத்தமுறை உறைக்கு வெளியாலை போங்கோ."

உங்கள் குரலில் குத்தல் இல்லை. எனக்குத்தான் சுட்டது. ஊரில் ஷெல் விழுகிற நேரத்தில் மை பூசி விளையாடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த கிழமையே பழையபடி பிளக்கத் தொடங்கினேன். பிளந்த குடலில் என் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

அப்போதுதான் கிளிவெட்டியில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் மூதூர் லோஞ்சுப் படகில் வந்து சேர்ந்தார். அவருடைய கட்டியை அறுத்தெடுத்து, குடலைப் பிளந்தே அனுப்பினேன். பிளந்து வந்ததால், வெட்டிய விளிம்பில் நோய் மிஞ்சியதா என்று சொல்ல முடியாது என அறிக்கையில் எழுதியிருந்தீர்கள். சந்தேகம் என்றால் கதிர்ச் சிகிச்சைக்குக் கொழும்புக்கு அனுப்பியிருக்க வேண்டும். நான் அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, எல்லாம் சரி என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பினேன். வருஷம் திரும்புமுன் அதே இடத்தில் நோய் வந்தது. கதிரையில் உட்காரவும் முடியாத வலியோடு செத்தார்.

செத்தவீடு முடிந்து மகன் உங்களிடம் வந்தான். நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஒப்பரேஷனில் பிழை நடந்ததா என்று கேட்டான்.

"எனக்குச் சொல்ல ஏலாது, தம்பி. உறை கிழிஞ்சது உடம்புக்குள்ளையோ, பிறகு பிளக்கேக்கை மேசையிலையோ எண்டு தெரியாது."

அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். வெளியே வந்த நீங்கள் என்னைப் பார்த்துவிட்டு நடந்தீர்கள். அதன்பிறகு எல்லாவற்றையும் முழுதாக அனுப்பினேன். உங்கள் மேசையருகே நின்று பார்த்துப் பார்த்தே உறை கிழியாமல் எடுக்கப் பழகினேன், நல்ல பெயரும் வாங்கினேன். உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. போன மாதம் நீங்கள் கண்மூடிவிட்டீர்கள்.

அந்த மகன் ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து தருகிறான், அப்பாவைப் பார்த்த டொக்டர் என்று. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். வாங்கி வைக்கிறேன். அந்தச் சோற்றைத்தான் தின்றுகொண்டிருக்கிறேன்.