உன் எஞ்சினில் இருந்த ஊத்தை

இன்று மத்தியானம் சோற்றைப் பிசையும்போது கையிலிருந்து மண்ணெண்ணெய் மணந்தது. கையுறை போட்டுத்தான் வேலை செய்தேன், ஆனாலும் மணிக்கட்டில் எங்கோ தங்கிவிட்டது. சோற்றுக் கோப்பையை மூடிவைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நேற்று உன் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நடந்ததை வேறு யாரிடமும் சொல்ல எனக்கு முகமில்லை.

நீ காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அது கீழே படிக்குப் பக்கத்தில்தான் நின்றது. நீ அங்கிருந்து உயிரோடு திரும்பவில்லை. அப்பா வருகிறார் என்றதும் வீட்டுக்கார ஆன்டி எங்கள் அறைக்கு வந்தார். எங்கள் அறை என்றுதான் இன்னும் எழுத வருகிறது. "போன பிள்ளையின்ர சாமான். தோய்ச்சுத் துடைச்சுத்தான் குடுக்கவேணும். ஊத்தையோட கொண்டுபோய் இறக்கினா ஊரில என்ன கதைப்பினம்?" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. உன் உடுப்புகளை எல்லாம் அன்றே தோய்த்துக் காயப்போட்டோம். மிஞ்சியது மோட்டார் சைக்கிள்.

அந்த எஞ்சின் அலுமினியம் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வேலைக்குப் போய்வந்த புழுதியும், சங்கிலியிலிருந்து தெறித்த எண்ணெயும், மழைச்சேறும் சேர்ந்து தார் மாதிரி ஏறியிருந்தன. ஒருமுறை துடைக்கச் சொன்னேன். "எடி, அது எஞ்சின் போட்டிருக்கிற சுவெட்டர். கழட்டினா குளிரும்" என்றாய். பின்னால் ஏறும்போது நான் சட்டையை ஒதுக்கிப் பிடிப்பேன். காலி வீதியில் சொந்தக்காரர் கண்டுவிடுவார்களோ என்று ஹெல்மெட் கண்ணாடியையும் இறக்கிவிடுவேன். "முகத்தை மூடு. உன்ர பையை வச்சே கண்டுபிடிப்பினம்" என்று சிரிப்பாய்.

ஆன்டி கொஸ்டிக் சோடா டப்பாவைக் கொண்டுவந்தார். "அடைச்ச குழாயையே இது திறக்கும் பிள்ளை, எஞ்சின் என்ன பெரிசு?" நான் வாங்கி அப்பால் வைத்தேன். அது அலுமினியத்தை அரித்துக் கறுக்கவைக்கும், எரியக்கூடிய வாயுவும் கிளம்பும் என்று சொன்னேன். "கம்பஸில பைக் கழுவவோ படிப்பிச்சவங்கள்?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம், இரசாயனவியல். அது எனக்கு உதவிய இடம் இதுதான்.

கழுவமுதல் எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். கிழமைக்கணக்காக ஓடாத எஞ்சின். கை வைத்த பிறகுதான் நான் செய்தது எனக்கே விளங்கியது.

அடுப்போ விளக்கோ பக்கத்தில் இல்லாத, காற்றோட்டமான முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு போனேன். காற்று இழுக்கும் வாயையும் புகைக்குழாயையும் வயர்கள் பூட்டிய இடங்களையும் பொலித்தீனால் சுற்றிக் கட்டினேன். பழைய பல்பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்து, அடுக்கடுக்கான அந்த மெல்லிய தகடுகளுக்கு நடுவே மெதுவாகத் தேய்த்தேன். கம்பி பிரஷ் கீறிவிடும் என்று தொடவில்லை. வழிந்த கறுப்பைக் கழிவுநீர்க் கானுக்குள் போகவிடாமல் பழைய தட்டில் பிடித்தேன். பிறகு கோப்பை கழுவும் சவர்க்காரத் தண்ணீர், ஈரத்துணி, காய்ந்த துணி. எண்ணெய்த் துணிகளைக் குவித்து வைத்தால் தீப்பிடிக்கலாம் என்று வெளியே தனித்தனியாக விரித்தேன். பின்னேரம் அது வெள்ளையாக மினுங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது. உன் பெயரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்பா வந்து தேத்தண்ணீர் குடித்தார். உன் பையைத் திறந்து, மடித்த சட்டைகளைத் தடவினார். பிறகு கேட்டார்: "தோய்க்காத உடுப்பு ஏதும் கிடக்கோ பிள்ளை? அவளின்ர அம்மா ஒண்டே ஒண்டு கொண்டரச் சொன்னவ."

ஆன்டி வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"எல்லாத்தையும் தோய்ச்சிட்டம், அங்கிள்."

"அது சரி. துப்பரவா மடிச்சிருக்கிறீங்கள்" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கீழே இறங்கி வந்து மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் குந்தினார். "இது அவளின்ரதானோ?"

"ஓம், அங்கிள்."

"குளிக்கிறதுக்கே அடிச்சுக் கலைக்கவேணும் அவளை. இது வேற ஆரோ பெத்த பிள்ளையின்ர பைக் மாதிரிக் கிடக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எஞ்சினுக்கு அடியில், சங்கிலி உள்ளே போகும் மூடியின் பின்புறம் விரலை விட்டார். வெளியே எடுத்தபோது நுனியில் கறுப்பு. அந்த இடத்துக்கு என் பிரஷ் எட்டவில்லை. அப்போதும் எனக்கு வந்த வெட்கம் என்ன தெரியுமா? ஒரு இடத்தைக் கழுவாமல் விட்டுவிட்டேனே என்பதுதான். "பொறுங்கோ அங்கிள்" என்று துணியோடு குனிந்தேன். அவர் மற்றக் கையால் அந்த இடத்தைப் பொத்திக்கொண்டார்.

"விடுங்கோ பிள்ளை. இதாவது இருக்கட்டும்."

அவர் பிடித்துவந்த லொறியில் அதை ஏற்றிக் கட்டிய பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "வேகமா ஓடுறவளோ? மெதுவாத்தான் போறன் எண்டு போனில சொல்லுவாள்."

வாசலில் நின்ற ஆன்டி எனக்குக் கண்ணைக் காட்டினார். உன்னை நல்ல பிள்ளையாக அனுப்பிவைக்க இன்னும் ஒரு சொல் போதும். நாக்கு நுனியில்தான் இருந்தது.

"சரியான வேகம், அங்கிள். மஞ்சள் லைட்டுக்கு நிக்கவே மாட்டாள். பஸ் டிரைவர்மாரோட சிங்களத்தில சண்டை வேற. அவங்களே பயந்து வழி விடுவாங்கள்."

அவர் லொறிக் கதவைப் பிடித்தபடியே நின்றார். "பிறகு?" என்றார். லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். "பிறகு சொல்லுங்கோ பிள்ளை."

இன்று பின்னேரம் உன் அம்மாவுக்கு போன் எடுக்கவேண்டும். அவர் கேட்ட தோய்க்காத உடுப்பு என்னிடம் இல்லை, இனி வரப்போவதுமில்லை. முதலில் மன்னிப்புக் கேட்பேன். பிறகு, நீ கால் கழுவாமல் கட்டிலில் ஏறுவதிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.