பழைய பதிப்புகளைக் காட்டும் பொத்தான்

அன்பு மகளுக்கு,

இல்லத்தில் நானும் உன் தந்தையும் குறைவேதுமின்றி இருக்கிறோம், அங்கே நீயும் அவ்வாறே இருப்பதாக உன் சென்ற கடிதம் தெரிவிக்கிறது, ஆனால் உன் கடிதம் தெரிவிப்பதை இனி அப்படியே ஏற்பதற்கில்லை, காரணத்தைப் பின்னர் எழுதுகிறேன். உன் தந்தைக்கு முழங்கால் வலி தணிந்திருக்கிறது, தணிந்த மறுநாளே ஏணியில் ஏறிக் குளியலறை விளக்கை மாற்றினார், இறங்க முடியாதபோதுதான் என்னை அழைத்தார், ஏறுமுன் அழைத்திருக்கலாமே என்றதற்கு, "கூப்பிட்டா ஏற விட்டிருப்பியா?" என்று மேலிருந்தபடியே கேட்டார். அவர் கூற்றில் பிழை காண இயலவில்லை.

எங்கள் தட்டச்சு நிலையத்தில் அட்டைப்படம் வரைவதற்கென்று ஒரு வடிவமைப்புப் பெண் சேர்ந்திருக்கிறாள், வந்த முதல் வாரத்திலேயே என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விடத் தொடங்கிவிட்டாள். ஆய்வேடுகளின் பொருளடக்கத்தில் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் இடையே வரும் புள்ளிகளை நான் ஒவ்வொன்றாக வைப்பதை நீ அறிவாய், பதினொரு ஆண்டுகளாக வைத்து வருகிறேன், மாணவர் எவரேனும் நடுவில் ஒரு பக்கம் சேர்த்தால் எண்களையெல்லாம் மாற்றி அத்தனை புள்ளிகளையும் மறுபடி நேராக்குவேன், அந்தப் பொறுமை வேறெவர்க்கும் வாராது என்று முதலாளியே வருவோர் போவோரிடம் சொல்வதுண்டு. அந்தப் பெண், "அக்கா, கொஞ்சம் நகருங்க" என்றாள், தலைப்புகளில் எதையோ குறித்தாள், ஒரு பொத்தானை அழுத்தினாள், பொருளடக்கம் முழுவதும் புள்ளிகளோடும் எண்களோடும் வந்து நின்றது. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இந்த வசதி எப்போது வந்தது என்று கேட்டேன், "நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்குக்கா" என்றாள். வீட்டில் இதைச் சொன்னபோது உன் தந்தை, "அப்போ பதினொரு வருஷமா என்னதான்மா பண்ணிட்டிருந்தே?" என்று வினவினார், அன்று முழுதும் இன்றியமையாதவற்றைத் தவிர அவரோடு நான் ஏதும் பேசவில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளி என்னைக் கைவிட்டதேயன்றி நான் படிப்பைக் கைவிட்டவள் அல்லள், ஆகவே மறுநாளே ஒரு குறிப்பேடு வாங்கி அவள் காட்டுவதையெல்லாம் எழுதிக்கொள்ளத் தொடங்கினேன். ஒரு தலைப்பின் அளவை மாற்றினால் நூலிலுள்ள தலைப்புகள் யாவும் தாமே மாறுகின்றன, ஒரு பத்தியின் அழகை மற்றொரு பத்திக்குத் திரையிலேயே உள்ள ஒரு தூரிகையால் தீற்றிவிடலாம், எல்லாவற்றினும் மேலாக இரண்டே எழுத்துகளை அடித்தால் நாம் முன்பே சேமித்துவைத்த வாக்கியம் முழுதாக விரிகிறது. "மேற்காணும் பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவர விழைவது யாதெனில்" என்பதை நான் அவ்வாறு சேமித்திருக்கிறேன், எளிதாக வருவதால் சற்று அடிக்கடியே வந்துவிடுகிறது. தண்ணீர் கேன் போடுபவர் தாமதமாக வருகிறார், இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி சொன்னார், அது ஒரு பக்கத்தைத் தாண்டிற்று, பெற்றுக்கொண்ட அம்மனிதர் அதை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பார்க்கச் சென்றுவிட்டாராம்.

இவற்றால் என் பணி நண்பகலுக்குள் முடிந்துவிடுகிறது, மீந்த நேரத்தில்தான் நான் ஒரு தவறு செய்தேன். தபாலுக்குக் காத்திராமல் இருவரும் இணையத்தில் ஒரே கோப்பில் எழுதிக்கொள்ளலாம் என்று நீ ஏற்பாடு செய்தாயல்லவா, அதைத் திறந்து உன் சென்ற கடிதத்தில் காற்புள்ளிகளை உரிய இடங்களில் இட்டுக்கொண்டிருந்தேன், அப்போது கை தவறி ஒரு பத்தியே காணாமற்போயிற்று. பதறி அந்தப் பெண்ணை அழைத்தேன். "பயப்படாதீங்கக்கா, இது எதையும் மறக்காது" என்று அவள் பழைய பதிப்புகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினாள், தொலைந்த பத்தி திரும்பியது, கூடவே நீ எழுதி அழித்தவை யாவும் நாளும் நேரமும் இட்டு வரிசையாக வந்து நின்றன.

பிறர் அழித்ததைப் படிப்பது முறையன்று, நான் படித்தேன், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கோருகிறேன். "அதிகாலையில் எழுகிறேன்" என்பதற்கு அடியில் "எட்டே முக்காலுக்குத்தான் எழுந்தேன்" என்றிருந்தது. "காய்கறிகள் மிகுதியாக உண்கிறேன்" என்பது முதலில் "நேத்தும் பிரெட்தான்" என்றிருந்தது. தந்தை அனுப்பிய ஸ்வெட்டர் மிகப் பொருத்தம் என்று எழுதுவதற்குமுன், உள்ளே இன்னொருவரையும் குடிவைக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். இதுவரை அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்தே சிரித்துக்கொண்டிருந்தோம். அதற்கடுத்த பதிப்பைக் கண்டதும் அவள், "அட்டை வேலை கொஞ்சம் இருக்குக்கா" என்று தன் இருக்கைக்குப் போய்விட்டாள்.

"அம்மா, என்னால இங்க முடியல. ஆபீஸ்ல ஒரு வார்த்தை பேச ஆளில்ல. வந்துடட்டுமா? நீங்க எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லி வெச்சிருக்கீங்க, எந்த முகத்தோட வர்றதுன்னு தெரியல." ஞாயிறு காலை பத்து மணிக்கு எழுதி அழித்திருக்கிறாய், பத்தரைக்கு மறுபடியும், பதினொன்றே காலுக்கு மூன்றாம் முறையும். பிறகு அவ்விடத்தில் "இங்கு யாவும் இனிதே நடைபெறுகின்றன" என்று நிரப்பியிருக்கிறாய், அது என் நடை, நான் கற்றுக்கொடுத்த வாக்கியம். நீ பேச்சு வழக்கிலேயே எழுதி அழித்த அந்த நான்கு வரிகளில் ஓர் எழுத்தையும் திருத்த எனக்குத் தோன்றவில்லை.

நான் பெருமை பேசியது உண்மை. மருந்துக்கடைப் பெண்ணிடமும் தையற்காரரிடமும் சொன்னேன், பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து வைத்திருந்த நிலையிலும் உன் பதவியைக் கூற முயன்றேன். சொன்ன வாய் என்னுடையது, இனி அவர்களுக்கு என்ன சொல்வது என்பது என் பாடு, அந்தச் சுமையை நீ ஏன் சுமக்கிறாய்? உன் தந்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நின்றபடியே கேட்டார், "வரணும்னா வரட்டும்மா, உன் பல் டாக்டருக்காகவா அவ வேலைக்குப் போறா?" என்றார், பிறகு உன் கட்டிலின்மேல் நான் அடுக்கியிருந்த ஆய்வேட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கூடத்துக்குக் கொண்டுபோனார், நான் தடுக்கவில்லை.

வா என்று நான் கட்டளையிடவில்லை, பொறுத்திரு என்று அறிவுரை கூறவும் இல்லை, உனக்கு எது இயலும் என்பது உனக்கே தெரியும். அந்தக் கோப்பில் நான் எழுதினால் எத்தனை முறை அழித்தேன் என்பதை நீயும் பார்த்துவிடுவாய், ஆகவேதான் இதைத் தாளில் எழுதித் தபாலில் சேர்க்கிறேன். உன்னிடம் நான் வேண்டுவது ஒன்றே, அந்தப் பத்தியை நான்காம் முறை எழுது, இம்முறை அழிக்காதே.

எங்கிருந்தாலும் மனநிறைவோடு வாழ இருவருடைய ஆசிகளும் உனக்கு உண்டு. மறவாதே, வருவதென்று முடிவு செய்தால் பகலில் வந்துசேரும் வண்டியாகப் பார், உன் தந்தை இரண்டு மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்குப் போய் நிற்பார், எவ்வளவு சொன்னாலும் உட்காரமாட்டார்.

என்றும் உன் பக்கம் நிற்கும்,
அம்மா