பேருந்தைக் காணோம்

ஆடி 2, சனி.

நூறு வருடத்துக்கு முன்னால் பாரிஸில் ஒருவர் கடைக் கண்ணாடிகளைப் படமெடுத்திருக்கிறார். உள்ளே பொம்மைகள், அவற்றின் மேலேயே எதிர்த்தெருவின் பிம்பம். அதை நூலகப் புத்தகத்தில் பார்த்ததிலிருந்து எனக்குக் கிறுக்கு.

தி.நகரில் எங்கள் ஜவுளிக்கடை வாசலில் நானும் எடுத்தேன். பட்டுச்சேலை பொம்மையின் முகத்துக்குள்ளும் சேலைக்குள்ளும் ஒரு பேருந்து போகிறது. நான் எடுத்ததிலேயே உருப்படியான ஒரே படம். அதைப் போய் அப்பாவிடம் காட்டினேன். ஆடித் தள்ளுபடி பேனருக்குக் கொடுத்துவிட்டார்.

இன்று பேனரின் மாதிரி வந்தது. பேருந்து இல்லை. பொம்மைக்குச் சிரிப்பு ஒட்டியிருக்கிறது.

"பஸ்ஸு எங்கப்பா?"

"சேலை மேல எதுக்குலே பஸ்ஸு? அழிக்கச் சொல்லிட்டேன். இப்பதான் பளிச்சுன்னு இருக்கு."

"பஸ்ஸுதான்ப்பா படமே. சேலை சும்மா பயணி."

"போலே!"

கீழே என் பெயர் வேறு. அதையாவது அழிக்கச் சொன்னேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்து, இன்னும் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டார்.